ஒருமுறை எழுதும் பதிவு: ஒருங்கிணைந்த நிறுவன மேலாண்மை மென்பொருளின் வரலாறும் பயனும் (1964–1999)

ஆய்வுச் சுருக்கம்

நிறுவன வளத் திட்டமிடல் (இ.ஆர்.பி.) மென்பொருளின் பயன்களாக விரைவும் செலவுக் குறைப்புமே பெரிதும் சுட்டப்படுகின்றன. ஒரு நிகழ்வை ஒருமுறை மட்டும் பதிந்து, எல்லாப் பிரிவுகளும் அப்பதிவையே கையாளும் நடைமுறையே அதன் அடிப்படைப் பயன் என்பதையும், அப்பயனுக்குரிய எல்லையையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிறுவன வளத் திட்டமிடல், இருப்பு, பேரேடு, நிகழ்நேர முறை, ஹெர்ஷி.

முன்னுரை

ஓர் ஆலைக்கு மூலப்பொருள் வந்து இறங்குகிறது. கிடங்கு அலுவலர் அதனை இருப்புப் பதிவேட்டில் வரவு வைக்கிறார். கொள்முதல் பிரிவு தன் கோப்பில் குறித்துக்கொள்கிறது. கணக்குப் பிரிவு, விற்றவருக்குத் தர வேண்டிய தொகையைப் பேரேட்டில் ஏற்றுகிறது. நிகழ்வு ஒன்று, பதிவுகள் மூன்று. இம்மூன்றும் முரண்படும்போது எது சரியென்று தேடுவதே தனிப் பணியாகிவிடுகிறது. இச்சிக்கலைக் கணினி எவ்வாறு எதிர்கொண்டது என்பதே இக்கட்டுரையின் ஆய்வு வினாவாகும்.

தேவையைக் கணக்கிடல்

முதல் முயற்சி உற்பத்திக் கூடத்தில் தொடங்கியது. ஜோசப் ஆர்லிக்கி 1964இல் மூலப்பொருள் தேவைத் திட்டமிடல் முறையை உருவாக்கினார். அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் அதனை முதலில் நடைமுறைப்படுத்தியது. செய்து முடிக்க வேண்டிய பொருள்களின் எண்ணிக்கையிலிருந்து பின்னோக்கிச் சென்று, எந்த உதிரிபாகம் எத்தனை, எப்போது தேவை என்பதை இம்முறை கணக்கிட்டது. இதனால் மிகை இருப்பில் முதல் முடங்குவதைக் குறைக்க இயன்றது. 1983இல் ஆலிவர் வைட் இச்சிந்தனையை உற்பத்தி வளத் திட்டமிடலாக விரிவுபடுத்தினார்.

பதிவை இணைத்தல்

இரண்டாம் முயற்சி கணக்குப் பிரிவில் தொடங்கியது. ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய ஐவர் 1972இல் ஜெர்மனியில் எஸ்.ஏ.பி. நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ஜெர்மன் கிளையே அவர்களது முதல் வாடிக்கையாளர். சொந்தக் கணினி இல்லாமையால் வாடிக்கையாளரின் கணினியிலேயே அவர்கள் நிரல் எழுதினர். துளையட்டைகளைச் சேர்த்துவைத்து மொத்தமாகச் செலுத்துவதே அன்றைய வழக்கம். அவர்களோ, உள்ளிட்டவுடன் கணக்கில் ஏறும் நிகழ்நேர முறையை முன்வைத்தனர். 'ஆர்/1' என்னும் பெயரிலுள்ள 'ஆர்' அதனையே குறிக்கிறது. அடுத்து வந்த பதிப்புகளில் கொள்முதலும் இருப்பும் கணக்குடன் இணைந்தன. 1990இல் கார்ட்னர் நிறுவனம் இவ்வகை மென்பொருளுக்கு 'நிறுவன வளத் திட்டமிடல்' எனப் பெயரிட்டது. 1992இல் 'ஆர்/3' வெளிவந்தது. மூன்று பதிவுகள் ஒன்றாயின.

பயனின் எல்லை

அமெரிக்க இனிப்பு நிறுவனமான ஹெர்ஷி, நான்கு ஆண்டுகள் தேவை எனக் கருதப்பட்ட மாற்றத்தை 30 மாதங்களில் முடிக்க முனைந்தது. விற்பனை உச்சம் பெறும் ஹாலோவீன் பருவத்திற்குச் சற்றுமுன், 1999 ஜூலையில், புதிய அமைப்பு இயங்கத் தொடங்கியது. சரக்கு இருந்தும், ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள பண்டங்களை உரிய காலத்தில் கடைகளுக்கு அனுப்ப இயலவில்லை.

இந்நிகழ்வு ஒரு கருத்தைச் சிந்திக்கத் தூண்டுகிறது. பழைய மூன்று பதிவேடுகள் வீண் உழைப்பு மட்டுமல்ல. ஒன்றன் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுத்தது. பதிவு ஒன்றானபின் பிழையும் பொதுவாகிறது; ஓரிடத்தில் நேர்ந்த தவறு எல்லாப் பிரிவுகளுக்கும் அக்கணமே பரவுகிறது.

முடிவுரை

ஒருங்கிணைந்த மென்பொருள் மீள்பதிவை நீக்குகிறது. இருப்பையும் நிதியையும் ஒரே நேரத்தில் காணச் செய்கிறது. இப்பயன் ஐயத்திற்கு இடமற்றது. எனினும், முன்னர் மூவர் பகிர்ந்த பொறுப்பு இப்போது முதற்பதிவைச் செய்யும் ஒருவரிடம் குவிகிறது. பெரும்பாலும் அவர் நிறுவனப் படிநிலையில் கீழே உள்ள கிடங்கு ஊழியரே. அவருக்குரிய பயிற்சியும் கால அவகாசமும் மென்பொருளின் விலைக்கு இணையாக மதிக்கப்படும்போதே மேற்கண்ட பயன் முழுமை பெறும் என்பது இவ்வாய்வின் முடிவாகும்.