உதிரிப்பூக்கள்: ‘சிற்றன்னை’ திரைக்கு வந்த வரலாறு

உதிரிப்பூக்கள் (1979) புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ குறுநாவலைத் தழுவி மகேந்திரன் இயக்கிய தமிழ்த் திரைப்படம். ஒளிப்பதிவு அசோக்குமார், இசை இளையராஜா, படத்தொகுப்பு பி. லெனின். தழுவல் என்று சொன்னாலும் மூலத்திலிருந்து வந்தவை கொஞ்சம்தான்: சுந்தரவடிவேலு என்ற தகப்பன் பெயர், ராஜா என்ற பையன் பெயர், தாயை இழந்து நிற்கும் இரண்டு பிள்ளைகள்.

புதுமைப்பித்தன் (சொ. விருத்தாசலம், 1906–1948) திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தாலும் தாமிரபரணிக்கரைக்காரர்; திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். சிறு வயதில் தாயை இழந்து சிற்றன்னையிடம் வளர்ந்தவர் என்பதை மறந்துவிட்டு இந்தக் குறுநாவலைப் படிக்க முடியாது. கதையில் சுந்தரவடிவேலு ஒரு பேராசிரியர். மரகதம் அவருடைய இளம் இரண்டாம் மனைவி. முதல் தாரத்துப் பிள்ளைகள் குஞ்சு, ராஜா. மனம் ஒட்டாத அந்த வீட்டின் சுமை முழுவதும் பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது.

புதுமைப்பித்தனுக்கே சினிமா ஆசை இருந்தது. ‘பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ்’ தொடங்கி ‘வசந்தவல்லி’ எடுக்க முயன்றார், படம் வெளிவரவில்லை. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுதப் புனே போனவர் காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். அவர் கதை ஒன்று உருப்படியாகத் திரையேற 31 ஆண்டுகள் ஆயின.

 

‘உதிரிப்பூக்கள்’ வருவதற்கு முந்திய ஆண்டில்தான் மகேந்திரன் உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ நாவலைப் படமாக்கியிருந்தார். ‘சிற்றன்னை’யில் அவர் செய்த பெரிய மாற்றம், கொடுமையை மாற்றாந்தாயிடமிருந்து எடுத்துக் கணவன் கையில் கொடுத்தது. பேராசிரியர் கிராமத்துப் பெரிய மனிதராகிறார். நோயாளி மனைவி லட்சுமி (அஸ்வினி) உயிரோடு இருக்கும்போதே அவள் தங்கையைக் கட்டிக்கொடுக்கும்படி மாமனாரிடம் கேட்கிறான் சுந்தரவடிவேலு (விஜயன்). அடிதடி, கூச்சல் எதுவும் இல்லை. குரல் உயராமல் கேட்கிறான். கையோங்கும் கணவனைப் பார்த்துப் பழகிய அன்றைய ரசிகனை இந்த அமைதிதான் உலுக்கியது.

கடைசிக் காட்சியில் ஊரே திரண்டு, செய்ததற்குத் தண்டனையாகச் சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகிறது. யாரும் அவனைத் தள்ளுவதில்லை. அவனே தண்ணீருக்குள் நடக்க வேண்டும். நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேனே, நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான் என்ற பொருளில் பேசிவிட்டு இறங்குகிறான். பிறகு வெறும் ஆறு. கரையோரம் இரண்டு பிள்ளைகள். படம்பிடித்தது மேட்டுப்பாளையம் பக்கம், பவானிக் கரையில். ஆனாலும் தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இந்தக் காட்சி வேறு மாதிரியும் படும். பாபநாசத்தில் மலையிறங்கும் ஆற்றில் முங்கினால் பாவம் தொலையும் என்பது ஊர் நம்பிக்கை. இங்கே முங்குகிறவனின் பாவம் கரையில் நிற்பவர்கள் மேல் ஏறிக்கொள்கிறது.

கசந்த மணவாழ்க்கைக் கதைகளோடு பாபநாசத்துக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. அங்கே கல்யாண தீர்த்தத்தில்தான் 1925 ஜூனில், அருவியில் சிக்கிய மகளைக் காப்பாற்றப் போய் வ.வே.சு. ஐயர் உயிர்விட்டார். கணவனுக்கு மறுமணம் பேசுவது தாளாமல் குளத்தில் மூழ்கும் ருக்மிணியின் கதையை, ‘குளத்தங்கரை அரசமரம்’ என்று எழுதியவர் அவர். தமிழில் கசந்த மணவாழ்க்கையின் கதை ஏனோ தொடக்கத்திலிருந்தே தண்ணீர் ஓரமாகவே நடக்கிறது.

படத்துக்கும் மூலத்துக்கும் உள்ள தூரத்தை மகேந்திரன் மறைக்கவில்லை. தன் ‘சினிமாவும் நானும்’ நூலில் அதை எழுதியிருக்கிறார். இருந்தும் மூலக்கதைக்கான இடத்தில் புதுமைப்பித்தன் பெயரைப் போட்டார். நாவலைச் சக்கையாகப் பிழிந்துவிட்டுப் பெயரை மட்டும் விட்டுவிடுகிற தொழிலில் இது அபூர்வம். அடுத்து 1980இல் பொன்னீலனின் ‘உறவுகள்’ நாவலை ‘பூட்டாத பூட்டுகள்’ ஆக்கினார். அது குழந்தையில்லாத தம்பதியின் கதை.

புதுமைப்பித்தன் படைப்புகளைத் தமிழக அரசு 2002இல் நாட்டுடைமையாக்கியது. ‘சிற்றன்னை’யை இனி யாரும் அனுமதி கேட்காமலே படமாக்கலாம், மகேந்திரன் தொடாமல் விட்ட மரகதம் அந்தப் பக்கங்களில் அப்படியே இருக்கிறாள்.