ஏப்ரல் 14இல் மாண்ட அறுபத்தறுவர்

ஏப்ரல் 14 என்றதும் நம் மக்கள் நினைவில் எழுவது அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளேயாகும். அதே நாளில் நாடெங்குமுள்ள தீயணைப்பு நிலையங்களில் வீரர்கள் அணிவகுத்து மௌன அஞ்சலி செலுத்துவதை நம்மில் பலர் கவனித்ததில்லை. அண்ணல் அவர்கள் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கிய காலத்தில், 1944ஆம் ஆண்டு, அவரது 53ஆம் பிறந்த நாளன்று பம்பாய்த் துறைமுகத்தில் 66 தீயணைப்பு வீரர்கள் கடமையாற்றும்போதே மாண்டனர். அவ்வஞ்சலி அவர்களுக்கு உரியது.

அது இரண்டாம் உலகப் போர்க் காலம். ‘போர்ட் ஸ்டிகைன்’ என்னும் சரக்குக் கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, கராச்சி வழியாக ஏப்ரல் 12இல் பம்பாய் விக்டோரியா கப்பல்துறையை அடைந்தது. குண்டுகளும் கண்ணிவெடிகளுமாக ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் அதில் இருந்தது. தங்கக் கட்டிகளும் இருந்தன. போதாதென்று கராச்சியில் சுமார் 8,700 பருத்திப் பொதிகளையும், எண்ணெய், மரம் முதலியவற்றையும் ஏற்றினர். பஞ்சையும் வெடிமருந்தையும் ஓரிடத்தில் வைக்கலாகாது என்பதை நம் ஊர்ப் பட்டாசுக் கடைக்காரரும் அறிவார். அறிந்தே வைத்தனர், போர்க்காலத்தில் கப்பலில் இடம் அரிதாம்!

14ஆம் நாள் வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணியளவில் இரண்டாம் சரக்கறையிலிருந்து புகை எழுந்தது. தீயணைப்புப் படையினர் விரைந்து வந்து 900 டன்னுக்கும் மேற்பட்ட நீரை உள்ளே பாய்ச்சினர். பஞ்சுப் பொதியில் பற்றிய தீ எளிதில் அடங்குவதன்று. மேற்புறம் நனைந்தாலும் உட்புறம் கனன்றுகொண்டே இருக்கும். அடர்ந்த புகையால் தீயின் மூலத்தைக் காண முடியவில்லை. பாய்ச்சிய நீர் கொதிக்கத் தொடங்கிற்று. கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, வெளியே இழுத்துச் செல்வதா என்று துணிந்து ஆணையிடுவார் இல்லை. 3.50 மணிக்குத்தான் கப்பலைக் கைவிடும் ஆணை பிறந்தது. 4.06க்கு அது வெடித்துப் பிளந்தது. இடையில் கிடைத்தவை 16 நிமிடங்களே. அரை மணி நேரத்தில் இரண்டாவது வெடிப்பும் நிகழ்ந்தது. வெகு தொலைவிலுள்ள சிம்லாவின் நிலநடுக்கக் கருவியிலும் அதிர்ச்சி பதிவாயிற்று. இறந்தோர் 800 முதல் 1,300 வரை எனப் பலவாறு கூறுவர். துறைமுகத்தை அடுத்த குடியிருப்புகள் எரிந்து, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர்.

ஆங்கில அரசு இச்செய்தியை வெளியிடவிடாது தடுத்தது. மறுநாளே சைகோன் வானொலி இதனை விரிவாக ஒலிபரப்பியும், இந்நாட்டு ஏடுகள் மே மாதத்தில்தான் எழுத அனுமதி பெற்றன. துறைமுகத்தைத் தூர்வாரும்போது பல்லாண்டுகள் கழித்தும் தங்கக் கட்டிகள் அகப்பட்டனவாம். அக்கதையைச் சுவைபட எழுதுவோர், அறுபத்தறுவரை ஓர் எண்ணாக மட்டும் சொல்லிக் கடந்து செல்வதைக் காண்கிறோம். அது நமக்கு உடன்பாடன்று. பைக்குல்லாவிலுள்ள தீயணைப்புத் தலைமையகத்தில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் உண்டு. ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புப் பணி வாரம் கொண்டாடப்படுவதும் அவர்களை முன்னிட்டேயாம்.

பம்பாய் எங்கோ இருப்பது, 1944 என்றோ கழிந்தது என்று நம் இளைஞர்கள் எண்ணவேண்டா. 2023 ஜூலை 29இல் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் மாண்டனர். அதே ஆண்டு அக்டோபர் 7இல், ஓசூரைக் கடந்ததும் வரும் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தபோது, தீபாவளி வேலைக்குச் சென்றிருந்த தமிழ்நாட்டு இளைஞர் பலர் கருகினர். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் சிப்காட் தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் செல்லும் நம் பிள்ளைகள், தாம் நிற்கும் கூடத்தில் எதன் அருகே எது அடுக்கப்பட்டுள்ளது, வெளியேறும் வழி எது என்று கேட்கத் தயங்கலாகாது. கேட்பவனைக் கண்டால் மேற்பார்வையாளர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர் பணிகளோடு தீயணைப்பாளர் பணிக்கும் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஒரே தேர்வை நடத்துகிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. நம் மாணவர்கள் காவலர் பணியையே நாடித் தீயணைப்பாளர் பணியைக் கடைசி விருப்பமாகக் குறிக்கும் வழக்கத்தை வகுப்பறையில் கண்டு வருகிறோம். அதனை முதல் விருப்பமாக எழுதுவோரும் நம்மிடையே தோன்றவேண்டும்.

வரும் ஏப்ரல் 14 அன்று காலையில் அண்ணல் சிலைக்கு மாலை அணிவித்தபின், அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தாரை நம் சங்கக் கட்டடத்துக்கு அழைத்து, அவர்கள் வாயிலாகவே பம்பாய்க் கப்பலின் வரலாற்றை மாணவர்க்குச் சொல்லச் செய்யலாம் என்னும் கருத்தைச் செயற்குழுவின் முன் வைக்கிறோம்.