விஞ்ஞானிகளை 40 வருஷம் ஏமாத்திய ஒரு கோரைப்பல்

ஒரு சின்ன வேலை. ஆள்காட்டி விரலை மூக்குக்குப் பக்கத்துல, மேலுதட்டுக்கு மேல வச்சு அழுத்தித் தடவிப் பாருங்க. நெடுக்கா ஒரு மேடு தட்டுப்படுதா? அதுக்குள்ள இருக்கிறது உங்க மேல் கோரைப்பல்லோட வேர். வாயிலேயே நீளமான வேர் இதுக்குத்தான். மத்த பல்லெல்லாம் விழுந்த பிறகும் பல தாத்தா பாட்டிகளுக்கு இது மட்டும் நிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

மேல 2, கீழ 2. மேல் கோரைப்பல் 11, 12 வயசுல தாமதமா முளைக்கும். அதுக்குள்ள பக்கத்துப் பல்லுங்க இடத்தைப் பிடிச்சிருந்தா வெளியே தள்ளிக்கிட்டு வரும். நாம தெத்துப்பல்னு சொல்றது பெரும்பாலும் இதைத்தான்.

இந்தப் பல்லைக் காட்டி, மனுஷன் கறி தின்னப் பிறந்தவன்னு வாதாடுறவங்க உண்டு. ஆண் கொரில்லாவோட கோரைப்பல்லைப் பாருங்க, நம்முது பக்கத்துலயே நிக்க முடியாது. அது தின்னுறது பெரும்பாலும் இலை தழை. அந்தச் சண்டையை இதோட விட்டுருவோம், கதைக்கு வருவோம்.

1871-ல டார்வின் ஒரு கருத்தைச் சொன்னார். நம்ம ஆதி ஆண் மூதாதையருக்குப் பெரிய கோரைப்பல் இருந்திருக்கும். கல்லும் தடியும் கைக்கு வந்தபின் சண்டைக்குப் பல் தேவைப்படாம, அது மெல்லச் சிறுத்திருக்கும். அதனால பழைய மனுஷ எலும்பு கிடைச்சா அதுல குரங்குத்தனமான கோரைப்பல் இருக்கணும்னு பலரும் எதிர்பார்த்தாங்க.

1912 டிசம்பர்ல லண்டன்ல அறிவிப்பு வந்தது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில பில்ட்டவுன்ங்கிற ஊர்ச் சரளைக் குழியில, சார்ல்ஸ் டாசன் என்ற வக்கீல் எலும்புத் துண்டுகளைக் கண்டெடுத்திருக்கார். மண்டை ஓடு மனுஷன் மாதிரி, தாடை குரங்கு மாதிரி. கோரைப்பல் இருக்க வேண்டிய முன்பகுதி மட்டும் உடைஞ்சு போயிருந்தது.

பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆர்தர் ஸ்மித் உட்வர்ட், அந்த இடத்துல ஒரு பெரிய கோரைப்பல்லைக் கற்பனையா வச்சு மாதிரி செய்தார். உடற்கூறு நிபுணர் ஆர்தர் கீத் ஆட்சேபிச்சார். அவர் வாதம் ரொம்பச் சரியானது. மனிதக் குரங்கோட கோரைப்பல் மற்ற பல்வரிசையைத் தாண்டி நீண்டு, எதிர்வரிசை இடைவெளிக்குள்ள பூட்டு மாதிரி உட்காரும். தாடையைப் பக்கவாட்டுல தாராளமா அரைக்க விடாது. ஆனா பில்ட்டவுன் தாடையோட கடைவாய்ப் பற்கள் அரைச்சு அரைச்சுத் தட்டையா தேய்ஞ்சிருந்துச்சு. இரண்டும் எப்படி ஒரே வாயில இருக்கும்?

1913 ஆகஸ்ட் 30. அதே குழியில தெயார் த ஷார்தான் என்ற இளம் பாதிரியார் ஒரு கோரைப்பல்லைக் கண்டெடுத்தார். கிட்டத்தட்ட உட்வர்ட் செஞ்சு வச்ச மாதிரியே! கேட்டா புல்லரிக்கும். எனக்கு இப்போ படிக்கும்போது வயித்தைக் கலக்குது. எதிர்பார்த்தது எதிர்பார்த்த வடிவத்துல கையில வந்து விழுந்தா, முதல்ல சந்தேகப்படணும். சொல்றது சுலபம், நானும் எக்ஸ்ரேல தேடினதையே பார்த்துட்டு மத்ததைக் கோட்டை விட்டிருக்கேன்.

அந்தப் பல்லை எக்ஸ்ரே எடுத்தாங்க. பல்லுக்கு நடுவுல நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற கூழறை ஒண்ணு உண்டு. இளம்பல்லுல அது அகலமா இருக்கும். வயசாக ஆக, பல் தேயத் தேய, உள்சுவர்ல புது டென்டின் படிஞ்சு அறை சுருங்கும். அதாவது பல் தன்னைத் தானே காப்பாத்திக்கும். 1916-ல கோர்ட்னி லைன் என்ற பல் மருத்துவர், ராயல் மருத்துவச் சங்கத்தின் பல் பிரிவுக் கூட்டத்துல எழுந்து கேட்டது இதுதான்: கூழறை அகலமா இருக்கு, அப்போ இது முளைச்சு ரொம்ப நாள் ஆகாத இளம்பல். ஆனா மேல தேய்மானம் கிழவனோட பல் மாதிரி இருக்கே, எப்படி?

பெரியவங்க ஏத்துக்கல. டாசன் அதே வருஷம் இறந்துட்டார். அதுக்குப் பிறகு அந்தக் குழியில யார் தோண்டியும் உருப்படியா எதுவும் கிடைக்கல.

இதுக்கு விலை கொடுத்தது வேற ஒருத்தர். 1924-ல தென்னாப்பிரிக்காவின் டவுங்ல ஒரு குழந்தையின் மண்டை ஓடு கிடைச்சது. மூளை சின்னது, பால் கோரைப்பல் மனுஷக் குழந்தைக்கு மாதிரி சின்னது. உடற்கூறு பேராசிரியர் ரேமண்ட் டார்ட் 1925-ல 'நேச்சர்' இதழில் இது மனுஷனை நோக்கிய கிளைன்னு எழுதினார். லண்டன் பெரியவங்க, கீத் உட்பட, இது வெறும் குரங்குன்னு ஒதுக்கிட்டாங்க. ஒரு முக்கியக் காரணம் பில்ட்டவுன்: பெரிய மூளை, பெரிய கோரைப்பல். டவுங் அதுக்கு நேர் எதிர். டார்ட் சொன்னதுதான் சரி, நான் தப்புன்னு கீத் 1947-ல 'நேச்சர்'லயே ஒத்துக்கிட்டார். அவருக்கு அப்போ 81 வயசு. 22 வருஷம் ஆச்சு.

1953-ல வைனர், ஓக்லி, லெ கிராஸ் கிளார்க் மூணு பேரும் மறுபடி பரிசோதிச்சாங்க. பல்லு அரம் போட்டுத் தேய்க்கப்பட்டிருந்தது. பழசாத் தெரிய மேல பழுப்புச் சாயம் பூசியிருந்தாங்க. அகலமான கூழறையும் அதிகத் தேய்மானமும் ஒத்துப்போகலைங்கிற லைனோட முரணும் அவங்க காட்டின சான்றுகள்ல ஒண்ணு. அவர் சொல்லி 37 வருஷம் கழிச்சு.

இன்னைக்கு 44 லட்சம் வருஷத்துக்கு முந்தைய ஆர்டிபிதிகஸ் எலும்புகள் நம்மகிட்ட இருக்கு. அதுல ஆணோட கோரைப்பல்கூட ஏற்கெனவே சிறுத்துப் போயிருக்கு. இதுவரை கிடைச்சதுல மிகப் பழைய கல் கருவிக்கு வயசு சுமார் 33 லட்சம் வருஷம். ஆக, கல் ஆயுதம் வந்துதான் பல் சிறுத்ததுன்னு சொல்றதும் இப்போ கஷ்டம்.

பில்ட்டவுன் பல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல இருக்கு. 2016-ல வெளியான மரபணு ஆய்வு அது யாரோடதுன்னும் சொல்லிருச்சு: ஒரு ஒராங்குட்டானோடது.