அவையும் கோயிலும்: அமெரிக்கக் குடியேற்றங்களும் மாத்தளையும்

குடியேற்றம் என்னும் சொல் ஒன்றாயினும் அதன் வரலாறு ஒரு தன்மைத்தன்று. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் நிறுவிய குடியேற்றங்களே இதற்குச் சான்று. 1607இல் யேம்ஸ்ரவுணில் தொடங்கிய வேர்ஜீனியா, இலாபம் கருதிய வணிகக் கும்பனியொன்றின் முயற்சியாகும். புகையிலைத் தோட்டமே அதன் உயிர்நாடி. 1630இல் பொஸ்ரனைச் சூழ எழுந்த மசாசுசெற்ஸோ தூய்மைவாதக் கிறித்தவரின் குடியேற்றம். அங்கு மக்கள் வழிபாடு நிகழ்த்திய மண்டபமே ஊர்க்கூட்டம் கூடும் இடமாகவும் அமைந்தது. வேர்ஜீனியாவில் பெருந்தோட்டக்காரரே நீதவான்களாகவும் சபை உறுப்பினராகவும் விளங்கினர். 1619இல் அங்கு முதல் மக்கள் பிரதிநிதிகள் சபை கூடியது. அதே ஆண்டிலேயே ஆபிரிக்கர் அங்கு கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டனர். உரிமையும் அடிமையும் ஒருங்கே வேரூன்றிய மண் அது.

இவ்விரண்டனுள் மாத்தளைக்கு நெருங்கியது வேர்ஜீனியாவே. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தையடுத்துக் கண்டி மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழகத்துத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாகக் கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்னும் படிமுறையே அவர்கள் கண்ட அரசாங்கம். வேர்ஜீனியாவின் ஒப்பந்தப் பணியாளன் பெரும்பாலும் நான்கு முதல் ஏழு ஆண்டுகளில் விடுதலை பெறலாம். கங்காணியின் கடனைக் குறித்த 'துண்டு'க்கோ காலவரையறை இருக்கவில்லை. அம்முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது.

ஆட்சியில் இடமின்மை தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் உரியதன்று. 1833இல் அமைக்கப்பட்ட சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்றோர் அறுவரே. அவருட் கண்டியருக்கெனத் தனி இடம் இருக்கவில்லை. 1765இல் முத்திரை வரி விதிக்கப்பட்டபோது வேர்ஜீனியர் தம் சபையில் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றினர். 1848இல் தேசாதிபதி ரொறிங்ரன் துப்பாக்கி, நாய் முதலியவற்றுக்கு வரி விதித்தபோது மாத்தளைக் குடியானவருக்குத் தீர்மானம் நிறைவேற்ற ஓர் அவை இல்லை. ஆகவே அவர்கள் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினர். கிளர்ச்சி இராணுவச் சட்டத்தால் நசுக்கப்பட்டது; புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார்.

குடியானவர் அரசனைத் தேடினர். தொழிலாளர் கோயிலை எழுப்பினர். மாத்தளை முத்துமாரியம்மனின் மாசிமகத் தேரும், தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தும் அவர்களை ஒரு சமூகமாக இணைத்தன. ஆயின் மசாசுசெற்ஸின் மண்டபம் போல அக்கோயில் ஆட்சிமன்றமாக இயலவில்லை. வடம் பிடித்த கைகளுக்கு வாக்குச்சீட்டு 1931இலேயே எட்டியது. அப்போதும் பலருக்கு எட்டவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோரின் நாடற்ற நிலை நீங்க வழி பிறந்தது.

மண்ணைப் பண்படுத்தியோர் அனைவருக்கும் அவையில் இடமுண்டா என்னும் வினாவைக்கொண்டே ஒரு குடியேற்றத்தின் ஆட்சியை அளத்தல் வேண்டும். அவ்வளவுகோலால் அளப்பின், வேர்ஜீனியாவும் மாத்தளையும் நெடுங்காலம் ஒரே குற்றத்துக்கு உரியனவாகும்.