இலவச கேம்கள்: சிடியில் இருந்து அக்கவுண்ட் வரை ஒரு சின்ன வரலாறு

சங்கரன்கோவில் என்றால் கோமதி அம்மன், ஆடித்தபசு, விசைத்தறிச் சத்தம், பிரியாணி. இந்த வரிசையில் கம்ப்யூட்டர் கேமுக்கு இடம் கிடையாது. முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 2019 நவம்பரில் தென்காசி மாவட்டத்துக்குப் போன இந்த ஊரிலும் சரி, இதைப் போன்ற மற்ற ஊர்களிலும் சரி, கேமுக்குக் காசு கொடுப்பது என்ற வழக்கமே ரொம்ப நாள் இருந்ததில்லை. அதற்காக யாரும் விளையாடாமலும் இருந்ததில்லை!

2018-க்குப் பிறகு ஒரு அமெரிக்கக் கம்பெனி கேம்களைச் சும்மா கொடுக்க ஆரம்பித்தது. கூடவே சில புது கேம்களை "எங்கள் கடையில் மட்டும்தான் கிடைக்கும்" என்று கட்டியும் வைத்தது. வெளிநாட்டு விளையாட்டு ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். ஏற்கெனவே எல்லாமே சும்மா கிடைத்துக்கொண்டிருந்த ஊருக்கு இதில் என்ன புதுசு? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் புரியும்.

2000-களின் தொடக்கம். பிரவுசிங் சென்டர்கள் பஸ் ஸ்டாண்டை ஒட்டி முளைத்த காலம். எந்த கம்ப்யூட்டரைத் திறந்தாலும் அநேகமாக மூன்று கேம்கள் இருக்கும்: ரோட் ராஷ், ப்ராஜெக்ட் ஐஜிஐ, ஜிடிஏ வைஸ் சிட்டி. இவை சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் காப்பி சிடியாகப் புறப்பட்டு, மாவட்டத் தலைநகருக்கு வந்து, அங்கிருந்து யாரோ ஒரு அண்ணன் பையில் ஊர் வந்து சேரும். ஒரு சிடி வந்தால் போதும், தெரு முழுக்கப் பரவிவிடும். காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் பத்திரிகைகளுடன் வரும் சிடிகளில் டெமோ கேம்கள் இருக்கும். அவையும் அப்படியே கைமாறும்.

இது திருட்டுதான், அதில் சந்தேகமில்லை. ஐஜிஐ-யை 2000-ல் செய்த இன்னர்லூப் என்ற நார்வே கம்பெனி 2003-லேயே மூடப்பட்டுவிட்டது. (அதற்கு இந்தியக் காப்பி சிடி காரணம் என்று சொல்ல முடியாது. இந்தியாவில் தங்கள் கேம் இவ்வளவு பிரபலம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பதே கேள்வி.)

ஆனால் கைமாற்றி விளையாடுவதை எல்லாரும் எதிர்க்கவும் இல்லை. 1991-ல் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் டிம் ஸ்வீனி என்ற இளைஞர் பெற்றோர் வீட்டில் இருந்தபடியே ஒரு கேம் செய்தார். பெயர் இசட்இசட்டி. முதல் பாகம் இலவசம். பிடித்திருந்தால் மற்ற பாகங்களைத் தபாலில் காசு அனுப்பி வாங்கிக்கொள்ளலாம். இந்த முறைக்கு 'ஷேர்வேர்' என்று பெயர். இதில் முக்கியமான விஷயம், இலவசப் பாகத்தைக் காப்பி எடுத்து நண்பர்களுக்குக் கொடுங்கள் என்று தயாரிப்பாளரே கேட்டுக்கொள்வார்! விளம்பரத்துக்குக் காசில்லாதவருக்கு நண்பர்கள்தான் விளம்பரம். 1993-ல் வந்த டூம் இதே வழியில்தான் உலகம் சுற்றியது. ஸ்வீனி தன் கம்பெனிக்கு எபிக் மெகாகேம்ஸ் என்று பெயர் மாற்றினார். பின்னால் வெறும் எபிக் கேம்ஸ் ஆனது. 27 வருடம் கழித்து மறுபடி இலவசக் கடை விரித்தவரும் இதே மனிதர்தான்.

நடுவில் ஸ்டீம் வந்தது. வால்வ் கம்பெனி 2003 செப்டம்பரில் இதைத் தொடங்கியபோது கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6-ஐ அதனோடு கட்டிவிட்டது. 2004 ஜூலையில் பழைய ஆன்லைன் முறையையும் நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வந்தபோது, கடையில் சிடி வாங்கினாலும் ஸ்டீம் கணக்கு தொடங்கி இன்டர்நெட்டில் பதிந்தால்தான் ஓடும் என்றார்கள். "இங்கே மட்டும்தான்" என்ற வழக்கத்தை எபிக் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பிள்ளையார் சுழி போட்டது வால்வ்தான். அப்போதும் ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

டயல்-அப் காலத்தில் ஒரு சின்ன ஊருக்கு இது நடக்கிற காரியமா? பிஎஸ்என்எல்-இன் டேட்டாஒன் பிராட்பேண்டே 2005 ஜனவரியில்தான் அறிமுகமானது. பிறகு வந்த ஒரு திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை டவுன்லோடு கணக்கில் சேராது. அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்கிய தலைமுறை ஒன்று உண்டு! காசு கட்டவும் வழியில்லை. 2015 நவம்பரில்தான் ஸ்டீம் ரூபாயில் விலை போட்டது. அதுவரை எல்லாம் டாலர் கணக்கு. ஆகவே இந்திய பிரவுசிங் சென்டர்களில் கவுண்டர் ஸ்ட்ரைக் 'நான்-ஸ்டீம்' என்ற பெயரில், பூட்டு உடைத்த பதிப்பாகவே வாழ்ந்தது. உலகத்தின் முதல் பெரிய "இங்கே மட்டும்" பூட்டு இங்கே வருவதற்கு முன்பே திறந்துவிட்டது.

அடுத்து வந்தது கேம் இலவசம் அல்ல, கம்ப்யூட்டரே இலவசம். 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்த +2 மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும், அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் போய்ச் சேர்ந்தன. தறி ஓட்டுகிற வீடுகளில் பலவற்றுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். தொடக்கத்தில் வந்தவற்றில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருக்கும். படிப்புக்கென்று கொடுத்ததுதான். ஆனால் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் பென் டிரைவ் வழியாக என்ன ஏறியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பத்து வருடம் பழைய வைஸ் சிட்டி அந்த 2 ஜிபியில் சுகமாக ஓடியது. புது கேம் எதுவும் ஓடாது. ஆக, ஊரின் விளையாட்டு ரசனை 2003-ஐ ஒட்டியே நின்றதற்கு இந்த 2 ஜிபியும் ஒரு காரணம்.

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது. அந்த ஆண்டு முடியும் வரை என்று சொல்லி, பிறகு 2017 மார்ச் 31 வரை நீட்டி, டேட்டாவைச் சும்மா கொடுத்தது. இந்தியாவில் கேமை அதிகம் மாற்றிய இலவசம் எது என்றால் இதுதான். அது கேமே இல்லை என்பதுதான் வேடிக்கை. 2018-ல் வந்த பப்ஜி மொபைல் இலவசம். ஃப்ரீ ஃபயரும் இலவசம். பிரவுசிங் சென்டருக்குப் போன கூட்டம் போனுக்குள் போய்விட்டது.

இந்த நிலையில்தான் 2018 டிசம்பர் 6 அன்று எபிக் கேம்ஸ் ஸ்டோர் திறந்தது. ஸ்டீம் விற்பனையில் 30 சதவீதம் எடுக்கிறது, நாங்கள் 12 சதவீதம்தான் எடுப்போம் என்றார் ஸ்வீனி. அதற்குச் சில நாள் முன்பே ஸ்டீம் பெரிய வெற்றி பெறும் கேம்களுக்கு மட்டும் பங்கை 25, 20 என்று குறைத்திருந்தது. பெரியவர்களுக்குச் சலுகை, சின்னவர்களுக்குப் பழைய விலை! இந்த இடத்தில் ஸ்வீனி பக்கம் நியாயம் இருந்தது.

ஆனால் ஆட்களை வரவழைக்க அவர் எடுத்த ஆயுதங்கள் இரண்டு. ஒன்று, ஒப்பந்தம். மெட்ரோ எக்ஸோடஸ் ஸ்டீமில் முன்பதிவு ஆகிக்கொண்டிருந்தபோதே, வெளியாவதற்கு மூன்று வாரம் முன்பு, 2019 ஜனவரியில் எபிக்குக்கு இடம் மாறியது. பார்டர்லேண்ட்ஸ் 3-ஐ ஆறு மாதம் தன்னிடம் மட்டும் வைத்துக்கொள்ள எபிக் 10 கோடி டாலருக்கு மேல் ஒப்புக்கொண்டது. ஒரே ஊரில் இரண்டு தியேட்டர் இருக்க, படத்தை ஒன்றில் மட்டும் ஓட்டுகிற கதைதான். அந்தத் தியேட்டரில் வசதியும் குறைவு. பல கேம்களைச் சேர்த்து வாங்கக் கூடை என்ற வசதியே கடை திறந்து மூன்று வருடம் கழித்து, 2021 டிசம்பரில்தான் வந்தது!

மற்றது, இலவசம். 2018 டிசம்பர் 14-ல் சப்நாட்டிகாவில் தொடங்கி, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு வாரம் ஒன்று. 2020-ல் மட்டும் 103 கேம்கள். அந்த ஆண்டு மக்கள் அவற்றை எடுத்துக்கொண்டது சுமார் 75 கோடி முறை.

சும்மா கொடுத்தால் செய்தவருக்கு என்ன லாபம்? இதற்குப் பதில் 2021 மே மாதம் எபிக்குக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கில் வெளியான ஆவணங்களில் கிடைத்தது. சப்நாட்டிகா செய்தவர்களுக்கு எபிக் கொடுத்தது 14 லட்சம் டாலர். முதல் ஒன்பது மாதங்களில் எல்லா இலவச கேம்களுக்கும் சேர்த்துச் செலவு சுமார் 1 கோடியே 16 லட்சம் டாலர். அதனால் வந்த புதுக் கணக்குகள் கிட்டத்தட்ட 50 லட்சம். வகுத்துப் பாருங்கள், ஒரு ஆளுக்கு இரண்டு டாலர் முப்பது சென்ட் போல வருகிறது. அன்றைய மதிப்பில் 170 ரூபாய்க்குள். கேம் நமக்கு இலவசம். நம் கணக்கை எபிக் 170 ரூபாய்க்கு வாங்கியது. சின்னக் குழுக்களுக்கு இந்த மொத்தத் தொகை பெரிய பிடிமானமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காப்பி சிடி அவர்களுக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை.

சங்கரன்கோவிலுக்கு இந்த அலை வந்த நாள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் 2020 மே 14. நாடு முழுக்க ஊரடங்கு. அன்று ஜிடிஏ 5 இலவசம் என்று எபிக் அறிவித்தது, மே 21 வரை. கூட்டம் தாங்காமல் எபிக் தளமே மணிக்கணக்கில் படுத்துவிட்டது. வைஸ் சிட்டியில் வளர்ந்த ஊர்ப் பையன்களுக்கு ஜிடிஏ 5 எவ்வளவு பெரிய கனவு என்பதை விளக்க வேண்டாம்.

எடுப்பது சுலபம். போனிலேயே ஒரு கணக்கு, அதற்கு இரட்டைப் பாதுகாப்பு, ஒரு பட்டனை அமுக்கினால் போதும். ஓட்டுவதுதான் கஷ்டம். டவுன்லோடு மட்டும் 90 ஜிபிக்கு மேல். தினம் 1.5 ஜிபி கிடைக்கும் போன் பிளானில், வேறு எதையும் பார்க்காமல் இருந்தால் 60 நாள்! அதையும் தாண்டினால், கேம் குறைந்தபட்சம் 4 ஜிபி ராமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கிறது. அரசு கொடுத்த லேப்டாப்பில் 2 ஜிபி. இரண்டு இலவசங்கள் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்க முடியவில்லை. கம்ப்யூட்டரே இல்லாமல் கேமை மட்டும் "என்றைக்காவது வாங்குவோம்" என்று எடுத்து வைத்தவர்களும் இருந்தார்கள். கொடுத்தவருக்கு நஷ்டமும் இல்லை. வெளியான 2013-ஐத் தவிர, வேறு எந்த ஆண்டையும் விட 2020-ல்தான் ஜிடிஏ 5 அதிகம் விற்றது என்று டேக்-டூ கம்பெனி அறிவித்தது.

ஒப்பந்தச் சண்டை மட்டும் இங்கே பெரிதாகக் கேட்கவே இல்லை. 8,000 மைலுக்கு மேல் தள்ளி எந்தக் கடையில் பூட்டினால் என்ன, இரண்டுமே எட்டாத விலையில் இருந்தன. அந்தப் பூட்டுகளும் வெகுநாள் நிற்கவில்லை. மெட்ரோவும் பார்டர்லேண்ட்ஸும் 2020-லேயே ஸ்டீமுக்கு வந்தன. ஸ்டீமை விட்டுப் போன ஈஏ 2019-லும் யூபிசாஃப்ட் 2022-லும் திரும்பி வந்தன.

உண்மையில் மாறியது வேறு. சங்கரன்கோவில் கோயிலின் புற்றுமண்ணைப் பிரசாதமாக எடுத்துப் போகிறவர்கள் பக்கத்து வீட்டுக்கும் ஒரு சிட்டிகை கொடுப்பார்கள். ஷேர்வேரும் அப்படித்தான், காப்பி சிடியும் அப்படித்தான். எபிக் தரும் கேம் கணக்கோடு ஒட்டிக்கொண்டது. தம்பிக்கு வேண்டுமென்றால் தம்பி தனியாக ஒரு கணக்கு தொடங்க வேண்டும். அதுவும் அந்த வாரத்துக்குள்.

கணக்கில் இருப்பது கையில் இருப்பதாகுமா? யூபிசாஃப்ட் தன் 30-ஆம் ஆண்டுக்காக 2016 செப்டம்பரில் தி க்ரூ என்ற கார் கேமை இலவசமாகக் கொடுத்தது. 2024 மார்ச் 31-ல் அதன் சர்வரை நிறுத்தியது. அடுத்த மாதமே சும்மா எடுத்தவர், காசு கொடுத்தவர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லார் கணக்கில் இருந்தும் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டது. பழைய வைஸ் சிட்டியையும் 2021 அக்டோபரில் ராக்ஸ்டார் கடைகளில் இருந்து எடுத்துவிட்டது. பழைய சிடி கையில் இருக்கிறவரை அது ஒன்றும் செய்யவில்லை.

தி க்ரூ கிளப்பிய கோபத்துக்கு நடுவே, 2024-ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. டிஜிட்டல் பொருளை விற்கும்போது, வாங்குவது பொருளை அல்ல, உரிமத்தை மட்டும்தான் என்று கடை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஸ்டீம் அக்டோபரிலேயே தன் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. சட்டத்தில் சில விலக்குகளும் உண்டு. இன்டர்நெட் இல்லாமலும் என்றைக்கும் வைத்துக்கொள்ளும்படி டவுன்லோடு செய்யக் கொடுத்தால் எச்சரிக்கை தேவையில்லை. காசு வாங்காமல் கொடுக்கிற பொருளுக்கும் தேவையில்லை.