ஜவுளிக்கடை வேலையும் உட்காரும் உரிமையும்

நமது கூட்டமைப்பு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டாங்க. வெம்பக்கோட்டை வரலாறு என்றதும் எல்லாரும் தொல்லியல் மேட்டைப் பத்தித்தான் எழுதுவாங்க. விஜயகரிசல்குளத்தில் 2022 மார்ச் மாசம் தோண்ட ஆரம்பிச்சு, சங்கு வளையல், சுடுமண் பொம்மை, தங்க நகை என்று வந்ததை நம்மில் நிறையப் பேர் நேரில் போய் பார்த்திருக்கோம். அந்தக் காலத்திலேயே இங்கே சங்கை அறுத்து வளையல் செஞ்சிருக்காங்க. செஞ்சவங்களைப் பத்தி அறிஞர்கள் எழுதுறாங்க. வித்தவங்களைப் பத்தி யாரும் எழுதக் காணோம். அதனால் கடையில் நின்று விற்கிற பிள்ளைகளின் வரலாற்றை நான் எழுதலாம்னு நினைச்சேன். நம்ம ஊர்ல எந்தத் தெருவுக்குப் போனாலும் ஜவுளிக்கடை வேலைக்குப் போன பிள்ளை ஒண்ணாவது இருக்கும்.

நம்ம அம்மாமார் வேலையெல்லாம் உட்கார்ந்து செய்யிற வேலை. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கினது, வீட்டில் பெட்டி ஒட்டினது, பயர் ஆபீஸ்ல திரி வைக்கிறது, சரவெடி பின்னுறது எல்லாமே சம்மணம் போட்டு முதுகை வளைச்சு செய்யிறதுதான். அம்பது வயசுல முதுகு நிமிராது. 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சரவெடி செய்யக் கூடாது, பேரியம் உப்பு சேர்க்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதுக்குப் பிறகு வேலை நாள் குறைஞ்சு போச்சு. வெடி விபத்து பயமும் இருக்கு. பன்னிரண்டாவது முடிச்ச பிள்ளையை மருந்து அறைக்கு அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்? சிவகாசி, ராஜபாளையம், மதுரை, திருநெல்வேலி, சென்னை என்று ஜவுளிக்கடைக்கு அனுப்புறோம். வெயில் இல்லை, மருந்து நெடி இல்லை, ஏ.சி. இருக்கு, நல்ல சேலை கட்டிக்கிட்டு நிக்கலாம். ஆனால் காலையில் நின்றால் ராத்திரி வரைக்கும் நிக்கணும். அம்மாவுக்கு முதுகு போச்சு, மகளுக்குக் கால் போகுது.

ஜவுளிக்கடை ஆரம்பத்திலிருந்தே நிக்கிற கடையா இருந்ததா என்றால் இல்லை. வயசானவங்களைக் கேட்டுப் பாருங்க. சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பழைய கடைகளில் தரையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை இருக்கும். முதலாளி திண்டில் சாய்ஞ்சு உட்கார்ந்திருப்பார். கல்யாண ஜவுளி எடுக்கப் போற குடும்பம் பூரா எதிரில் பாயில் உட்காரும். சேலை எடுத்துப் போடுறவரும் மெத்தையில் உட்கார்ந்துதான் விரிச்சுக் காட்டுவார். பையன் ஒருத்தன் காபி வாங்கப் போவான். விலைக்கு வாங்குறவங்களும் விக்கிறவங்களும் ஒரே உயரத்தில் இருந்தாங்க. இன்னைக்கும் சில பெரிய கடைகளில் பட்டுச்சேலைப் பகுதியில் மட்டும் இந்தப் பழக்கம் மிச்சம் இருக்கு.

நாற்காலியும் உயரமான கவுண்டரும் வந்தபோது இது மாறிப்போச்சு. அப்புறம் மாடி மேல மாடி கட்டினாங்க. சென்னை தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டாக்கின ஊர். சர் பிட்டி தியாகராயர் பெயரை வச்சாங்க. மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கினதும் வருகிற ரங்கநாதன் தெரு முதலில் குடியிருப்புத் தெருவாத்தான் இருந்தது. பிறகு தென்மாவட்டத்தில் இருந்து போனவங்க பாத்திரம், ஜவுளி என்று கடை போட்டு, அதுவே ஒரு பெரிய சந்தை ஆச்சு. முதலாளிகளும் நம்ம பக்கத்து ஆட்கள், வேலைக்கு எடுத்ததும் நம்ம பக்கத்துப் பிள்ளைகளைத்தான். சொந்த ஊர்ப் பிள்ளை என்றால் நம்பிக்கை என்று சொல்லுவாங்க. தூரத்து ஊர்ப் பிள்ளை என்றால் கோபிச்சுக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போக முடியாது, அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இந்த வாழ்க்கையை ஊருக்கெல்லாம் காட்டினது 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படம். எடுத்தவர் நம்ம விருதுநகர்க்காரர் வசந்தபாலன். விடுதியில் நெருக்கிப் படுக்கிறது, சாப்பாட்டுக்கு முண்டியடிக்கிறது, சம்பளத்தில் பிடிக்கிறது எல்லாம் அதில் வரும். படம் பார்த்து அழுத அம்மாமார் மறுமாசமே பிள்ளையைப் பொதிகை ரயிலில் ஏற்றி விட்டதும் உண்டு. வேற வழி இல்லையே. படம் வருவதற்கு முன்னாடியே 2008 செப்டம்பர் முதல் தேதி அந்தத் தெருவில் ஒரு பெரிய கடை தீப்பிடிச்சு வேலை செய்த இரண்டு பேர் இறந்து போனாங்க. அன்னைக்கு நம்ம ஊரில் எத்தனை வீட்டில் போன் அடிச்சு "நீ நல்லா இருக்கியா" என்று கேட்டிருப்பாங்க. பட்டாசுக்குப் பயந்து அனுப்பின இடத்திலும் தீ.

இப்படி கடை மேலேயே, கடைக்குப் பக்கத்திலேயே தங்க வச்சு வேலை வாங்கினது நம்ம நாட்டுல மட்டும் இல்லை. இங்கிலாந்திலும் நூறு வருசத்துக்கு முன்னாடி இதே கதைதான். ஜவுளிக்கடைப் பெண்கள் கடையின் மேல்மாடியில் கூட்டமாகப் படுக்கணும். சின்னச் சின்னத் தப்புக்கும் அபராதம். மார்கரெட் பாண்ட்ஃபீல்டு என்ற பெண் 14 வயசுல ஜவுளிக்கடை வேலைக்குப் போனவங்க. கடைத் தொழிலாளர் சங்கத்தின் பத்திரிகையில் 'கிரேஸ் டேர்' என்ற பொய்ப்பெயரில் அந்த விடுதிக் கஷ்டங்களை எழுதினாங்க. சொந்தப் பெயரில் எழுதினால் வேலை போயிருக்கும். பிறகு 1929-ல் அந்த நாட்டின் முதல் பெண் அமைச்சரவை உறுப்பினர் ஆனாங்க, அதுவும் தொழிலாளர் துறைக்கு. பத்தாவது படிச்ச நான் இதை எழுதும்போது எனக்கே ஒரு தெம்பு வருது.

அங்கே 1899-ல் ஒரு சட்டம் போட்டாங்க. கடையில் மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது போடணும். மூணு பேருக்கு ஒண்ணு என்பது சிரிப்பா இருந்தாலும், உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருக்கு என்று அப்பவே ஒத்துக்கிட்டாங்க.

நம்ம சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. கூடுதலா வேலை வாங்கினாலும் நாளில் 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு சம்பளம். நாலு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் ஒரு மணி நேரம் ஓய்வு. வாரம் ஒரு நாள் விடுமுறை. இதெல்லாம் அதிலேயே எழுதியிருக்கு. தீபாவளிக்கு முந்தின மாசம் இதில் எத்தனை நடக்குது என்பது உங்க வீட்டுப் பிள்ளையைக் கேட்டாத் தெரியும். முன்னாடி ஆடி மாசம் வியாபாரம் மந்தம், கொஞ்சம் மூச்சு விடலாம். ஆடித் தள்ளுபடி வந்த பிறகு அந்த மாசமும் போச்சு. 2019-ல் பத்து பேரோ அதுக்கு மேலோ வேலை செய்யும் கடைகள் நாள் முழுவதும் திறந்திருக்கலாம் என்று அரசாணை வந்தது. அதில் பெண்களை ராத்திரி 8 மணிக்கு மேல வேலை வாங்கணும்னா அவங்க எழுத்து மூலமாச் சம்மதிக்கணும், பாதுகாப்பு கொடுக்கணும் என்று இருக்கு. இந்த ஒரு வரியை எல்லாப் பிள்ளைகளும் தெரிஞ்சுக்கணும்.

உட்காருவது பத்தி மட்டும் 1947 சட்டத்தில் இல்லை. அந்தப் பேச்சு கேரளாவில் இருந்து வந்தது. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு பெரிய கடைத்தெரு. அங்கே தையல் வேலை பார்த்தவங்க விஜி. கடையில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. தண்ணி குடிச்சா போகணுமே என்று நாள் பூரா தண்ணி குடிக்காமலே இருந்தாங்க. விஜி அந்தப் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உண்டாக்கினாங்க. பெரிய கட்சி, பெரிய சங்கம் எதுவும் கடைப் பெண்களைக் கண்டுக்காத காலம். நம்ம குழு எப்படிப் பத்துப் பன்னிரண்டு பேரா பேசிப் பேசி ஆரம்பிச்சதோ அந்த மாதிரித்தான் அதுவும். முதலில் கழிப்பறை கேட்டாங்க. அப்புறம் உட்காருவதைக் கேட்டாங்க.

2014 கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஆறு பெண்கள் சங்கத்தில் சேர்ந்தாங்க என்று தூரத்துக் கிளைக்கு மாற்றினாங்க. அவங்க கடை வாசலில் உட்கார்ந்துட்டாங்க. நூறு நாளுக்கு மேல நடந்தது. 'இரிக்கல் சமரம்' என்று பெயர். உட்காரும் போராட்டம் என்று அர்த்தம். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிச்சது. உட்கார விடுங்கன்னு கேட்கிறவங்க உட்கார்ந்தே கேட்டிருக்காங்க. 2018-ல் கேரளா அரசு சட்டத்தைத் திருத்தி இருக்கை கட்டாயம் என்று ஆக்கினது. அதே வருசம் உலகத்தில் நூறு பெண்கள் என்று பி.பி.சி. போட்ட பட்டியலில் விஜியின் பெயர் வந்தது.

தமிழ்நாட்டில் 2019 செப்டம்பரில் மாநில தொழிலாளர் ஆலோசனை வாரியத்தில் இது பேசி ஒத்துக்கொள்ளப்பட்டது. 2021 செப்டம்பர் 6-ம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டு வந்தார். 22-அ என்று ஒரு புதுப் பிரிவு சேர்த்தாங்க. எல்லாக் கடையிலும், எல்லா ஊழியருக்கும், வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது உட்காருவதற்குத் தகுந்த இருக்கை இருக்கணும். நாள் பூரா நின்றபடியே இருக்கிற நிலைமை கூடாது. பெண்களுக்கு மட்டும் இல்லை, ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். கேரளாவுக்கு அடுத்து நம்ம மாநிலம்தான். இங்கிலாந்துச் சட்டம் வந்து 122 வருசம் ஆகியிருந்தது.

ஒரு ஸ்டூலுக்கு இவ்வளவு பாடா என்று எங்க மாமியாரே கேட்டாங்க. நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்குது, பாதம் வீங்குது, மாதவிலக்கு நாளில் உயிர் போகுது. அது ஒரு பக்கம். என் நாத்தனார் மகள் சென்னையில் ஒரு கடையில் நாலு வருசமா இருக்கா. கடை பேர் வேண்டாம். அவ சொன்னது வேற. "கால் வலியைக் கூடப் பொறுத்துக்கலாம் அத்தை. ஆளே இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவர்ல சாயக் கூடாது, பக்கத்தில் நிக்கிறவகிட்ட பேசக் கூடாது. மேலே கேமரா பார்த்துக்கிட்டே இருக்கும். சூப்பர்வைசர் எல்லாருக்கும் முன்னாடி திட்டுவார். கஸ்டமர் நாப்பது சேலை கலைச்சுப் போட்டுட்டு ஒண்ணும் எடுக்காமப் போனா அதுக்கும் நாங்கதான் பதில் சொல்லணும். நம்மள மனுசின்னு நினைக்கலையோன்னு தோணும்" என்றாள்.

அவளே வேற ஒண்ணும் சொன்னா. விடுதியில் எட்டுப் பேர் ஒரே அறை. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவங்க அவ பங்கு சேலையையும் மடிச்சு அடுக்கிருவாங்களாம். முதல் சம்பளத்தில் அவ அம்மாவுக்குக் கம்மல் வாங்கிக் கொடுத்தா. தெரியாத ஆளிடம் பேசவே பயந்தவ இன்னைக்கு வங்கி மேனேஜரிடம் நேரா நின்று பேசுறா. அந்த வேலை கொடுத்ததையும் சொல்லணும் இல்லையா? போக வேண்டாம் என்று நான் எழுதவில்லை.

தீபாவளிக்கு அவளால் ஊருக்கு வர முடியாது. நாட்டுக்கே பட்டாசு செஞ்சு கொடுக்கிற ஊர்ப் பிள்ளை, நாட்டுக்கே புதுத்துணி எடுத்துக் கொடுத்துட்டு, தீபாவளி முடிஞ்ச பிறகு கசங்கின சுடிதாரோடு வந்து இறங்குவா. அன்னைக்குத்தான் அந்த வீட்டில் பலகாரம் சுடுவாங்க.

சட்டம் வந்த பிறகு என்ன மாறியிருக்கு? சில கடைகளில் கவுண்டருக்குப் பின்னால் சின்ன ஸ்டூல் வந்திருக்கு. சில இடத்தில் ஸ்டூல் இருக்கு, உட்கார்ந்தால் முறைக்கிறாங்க. நாத்தனார் மகள் கடையில் ஒரு மாடிக்கு இரண்டு போட்டிருக்காங்க, அதுமேல அட்டைப்பெட்டி அடுக்கி வச்சிருக்காங்களாம். ஆளில்லாத மத்தியான நேரத்தில் அவளும் இன்னொரு பிள்ளையும் பெட்டியை இறக்கி வச்சுட்டு மாறி மாறிப் பத்து நிமிசம் உட்காருவாங்க. முதலில் திட்டினார்களாம். "சட்டம் இருக்கு சார்" என்று ஒரு நாள் மெதுவாச் சொல்லியிருக்கா. அதுக்குப் பிறகு சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போயிருவாராம். சட்டப்படி நடக்கலைன்னா தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் அங்கேயே தூங்கி அங்கேயே சாப்பிடுற பிள்ளை தனியா எப்படி மனுக் கொடுக்கும்? அதை ஊரில் இருக்கிற நாம செய்யலாம்.

இதில் நம்ம கூட்டமைப்புக்கும் பங்கு இருக்கு. இளைஞர் திறன் திருவிழா நடக்கும்போது ஊர் ஊராப் போய் பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்றது நாமதான். போன தடவை முகாமுக்கு முன்னாடி எங்க ஊராட்சிக் கூட்டத்தில் பாய் விரிச்சு உட்கார்ந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதினோம். வேலை எத்தனை மணி நேரம், வார லீவு உண்டா, சம்பளத்தில் சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் எவ்வளவு பிடிப்பீங்க, ராத்திரி விடுதிக்கு யார் கூட்டிட்டுப் போவாங்க, உட்கார ஸ்டூல் உண்டா. கடைக்கு ஆள் எடுக்க வந்தவர் முதல் நாலுக்கும் பதில் சொல்லிட்டு, அஞ்சாவதுக்குச் சிரிச்சார். நாங்க சிரிக்கல. தாளை வாங்கி மடிச்சுப் பையில் வச்சுக்கிட்டு, "கேட்டுச் சொல்றேன்மா" என்றார். அவர் கடைக்கு நம்ம பிள்ளைக மூணு பேர் போயிருக்காங்க. அவர் போன் நம்பர் எங்க ஊராட்சிக் கூட்டத் தீர்மானப் புத்தகத்தில் இருக்கு. அடுத்த மாசக் கூட்டத்தில் ஸ்பீக்கரில் போட்டு அவரைக் கூப்பிடலாம்னு இருக்கோம்.