யேல் பல்கலைக்கழக எழுத்தர்களின் முதல் கூட்டு ஒப்பந்தம்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு 1672இல் கிழக்கிந்தியக் கும்பனியின் எழுத்தராக வந்து, பின்னர் 1687 முதல் 1692 வரை அதன் ஆளுநராக விளங்கியவர் எலைகு யேல். 1718இல் அவர் வட அமெரிக்காவின் கனெக்டிகட் குடியேற்றத்திலிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு 417 நூல்களையும் ஒன்பது பொதிச் சரக்குகளையும் அனுப்பினார். சரக்கு ஏறத்தாழ 562 பவுண்டுக்கு விலைபோயிற்று; கல்லூரியும் அவர் பெயரைச் சூடிக்கொண்டது. எழுத்தராகத் தொடங்கிய ஒருவரின் பெயரைத் தாங்கிய அந்நிறுவனத்தில் எழுத்தர்களின் தொழிற்சங்கம் ஏற்புப் பெற 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சங்கம் தன் முதல் கூட்டு ஒப்பந்தத்தை அடைந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தாமதத்திற்குச் சட்டமும் ஒரு காரணமாகும். அமெரிக்கத் தேசியத் தொழிலுறவு வாரியம் தனியார் பல்கலைக்கழகங்களைத் தன் அதிகார வரம்புக்குள் கொண்டுவந்தது 1970இல், கார்னெல் பல்கலைக்கழக வழக்கின்போதுதான். ஆயினும் யேலின் சமையலறை, துப்புரவு, பராமரிப்புத் தொழிலாளர்கள் நாற்பதுகளிலேயே ‘35ஆம் கிளை’ என்னும் சங்கமாகத் திரண்டிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். அலுவலக எழுத்தர், நூலக உதவியாளர், ஆய்வகப் பணியாளர் ஆகிய ஏறத்தாழ 2,600 பேரோ பெரும்பாலும் பெண்கள். அவர்களைத் திரட்ட முன்னர் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் தோல்வியுற்றன. மலாயாத் தோட்டங்களில் கிராணியார் துரைக்கும் தொழிலாளருக்கும் இடையே நின்ற நிலையை நாம் அறிவோம். மேலதிகாரியின் மேசைக்கு அருகில் பணிபுரிபவர் தம்மைத் தொழிலாளர் எனக் கருதத் தயங்கும் அம்மனநிலை யேலிலும் இருந்தது எனலாம்.

உணவக, விடுதித் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஜான் வில்ஹெல்ம், தாமே யேலில் பயின்றவர். அவரும் அவர்தம் குழுவினரும் துண்டறிக்கைகளைப் பெரிதும் நம்பாமல், ஒவ்வொருவரிடமும் நேரில் பேசிப் பணியாளர்களையே அமைப்பாளர்களாக்கினர். 1983 மே மாத வாக்கெடுப்பில் ‘34ஆம் கிளை’ வெறும் 39 வாக்கு வேறுபாட்டில் வென்றது. ஏறத்தாழப் பாதிப் பேர் வேண்டாவென்ற சங்கமே பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தது என்பதை மறத்தலாகாது.

1984 ஏப்ரலில் பகுதி உடன்பாடு ஒன்று கையெழுத்தாகி, வேலைநிறுத்தம் தவிர்க்கப்பட்டது. எஞ்சியது ஊதியமும் அதனைச் சார்ந்தவையும். யேலின் நிருவாக உதவியாளர் ஆண்டுக்குச் சராசரியாக 13,000 டாலர் பெறுகையில், அதே நிறுவனத்தின் சரக்குந்து ஓட்டுநர் 18,000 டாலர் பெறுவதைச் சங்கம் எடுத்துக்காட்டியது. ஓட்டுநரின் ஊதியம் மிகை என்பது அதன் வாதமன்று. இரு பணிகளும் வேறுபட்டவையாயினும் அவை வேண்டும் திறனும் பொறுப்பும் ஒப்பிடத்தக்கவை. அவ்வாறிருக்க, ஒரு பணியைப் பெண்கள் செய்வதாலேயே அதன் விலை தாழ்வதேன் என்பதே வினா. பாகுபாட்டுக் குற்றச்சாட்டை நிருவாகம் மறுத்தது. உள்ளூர்ச் சந்தை விலையையே தாம் தருவதாகக் கூறியது. நியூ ஹேவன் போன்றதொரு நகரில் எழுத்தர் ஊதியத்தின் சந்தை விலையைத் தீர்மானிப்பதில் யேலுக்கே பெரும்பங்கு உண்டு என்பதை நோக்க, இவ்விடை வலுவற்றது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அப்போது பல்கலைக்கழகத்தின் அறநிதி நூறு கோடி டாலரைக் கடந்திருந்தது. தலைவர் பார்ட்லெட் ஜியாமத்தி மறுமலர்ச்சிக்கால இலக்கிய அறிஞர்.

1984 செப்டம்பர் 26 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. எழுத்தர் அனைவரும் வெளியேறவில்லை. ஆனால் 35ஆம் கிளையினருள் மிகப் பெரும்பாலோர் மறியல் கோட்டைத் தாண்ட மறுத்தனர். தம் ஒப்பந்தம் நடப்பிலிருந்தும், பிறர் ஊதியத்திற்காகத் தம் ஊதியத்தை இழந்தனர். உணவுக்கூடங்கள் மூடப்பட்டன, மாணவர்களுக்கு வெளியே உண்ணப் பணம் வழங்கப்பட்டது, பேராசிரியர் பலர் வகுப்புகளை வளாகத்திற்கு வெளியே நடத்தினர். அக்டோபரில் அறப்போராட்டங்களில் நூற்றுக்கணக்கானோர் கைதாயினர்.

பத்து வாரங்களுக்குப் பின், டிசம்பர்த் தொடக்கத்தில், ஒப்பந்தமின்றியே எழுத்தர்கள் பணிக்குத் திரும்பினர். தோல்வி எனத் தோன்றிய இம்முடிவு நாட்காட்டியைக் கணித்து எடுக்கப்பட்டதாகும். மாணவரற்ற குளிர்கால விடுமுறையில் நடக்கும் மறியல் யாரையும் அசைக்காது. மறியலில் நிற்போர் மட்டுமே சம்பளம் இழப்பர். மேலும், 35ஆம் கிளையின் ஒப்பந்தம் 1985 ஜனவரி நடுவில் காலாவதியாகவிருந்தது. அதன்பின் இரு கிளைகளும் ஒருசேர வெளியேற முடியும். சங்கத்திற்கு எதிராக வாக்களித்தோரையும் சேர்த்தே இக்கணிப்பை ஏற்கச் செய்ய வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போதுதான் அதன் அருமை புலப்படும்.

குறித்த நாள் நெருங்கியதும் இணக்கம் ஏற்பட்டது. ஜனவரியிலேயே உறுப்பினர்கள் ஒப்பந்தத்தை ஏற்றனர். ஒப்பந்தக் காலத்தில் ஊதியம் சராசரியாக ஏறத்தாழ 35 விழுக்காடு உயர வழி ஏற்பட்டது. பல்லாண்டு பணியாற்றியும் புதியவர்க்கு அருகிலேயே தேங்கி நின்ற பெண்களின் பணிக்காலம் ஊதியப் படிநிலையில் கணக்கில் கொள்ளப்பட்டது. தொகையைவிட இதுவே பெரிய பேறு எனலாம்.

மூன்றாண்டுகளுக்குப் பின் ஹார்வர்டு எழுத்தர்களும் 44 வாக்கு வேறுபாட்டில் சங்கம் அமைத்து, வேலைநிறுத்தமின்றியே 1989இல் முதல் ஒப்பந்தம் கண்டனர். யேலிலும் 1988இன் அடுத்த ஒப்பந்தம் வேலைநிறுத்தமின்றி முடிந்தது. 1996இல் பூசல் மீண்டும் மூண்டது. 35ஆம் கிளையினரின் பணிகளை வெளியாருக்குக் குத்தகைக்கு விடுதல் அதன் முதன்மைச் சிக்கல்களுள் ஒன்று. அவ்வாண்டு பிப்ரவரியில் முதலில் வேலைநிறுத்தத்தில் இறங்கியவர்கள் எழுத்தர்களே.